சாப்பாடு எறங்கல என்கிற பிள்ளை, ஒளித்துச் சாப்பிடுகிற பிள்ளை: உண்ணுதல் கோளாறு பற்றி ஒரு விவாத இழை

விடுதி_தேவகோட்டை

வணக்கம். தேவகோட்டைப் பக்கம் பெண்கள் விடுதி ஒன்றில் காப்பாளர். பதினொன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை பிள்ளைகள் இருக்கிறார்கள். தட்டைத் தொடாமல் எழுவது, சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போவது, ராத்திரியில் பிஸ்கட் பாக்கெட் காலியாவது எல்லாம் எந்த விடுதியிலும் உள்ளதுதான். இதில் எது வயசுக் கோளாறு, எது நோய்? நோய் என்றால் முதலில் யாரிடம் காட்டுவது? மெஸ்ஸில் என்ன மாற்றலாம்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

மட்டுறுத்துநர்

யாருடைய பெயரும் எடையும் இங்கே வேண்டாம். "இப்படித்தான் குறைத்தேன்" வகைக் குறிப்புகள் நீக்கப்படும். இந்த நோய் உள்ளவர் கண்ணில் அது பாடமாகத்தான் படும்.

மனநலம்_சிவகங்கை

நல்ல கேள்வி. எடையை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. ஒல்லியான பிள்ளைக்கு நோய் இல்லாமல் இருக்கலாம்; பூசினாற்போல் இருக்கும் பிள்ளை ஆபத்தில் இருக்கலாம்.

அனோரெக்ஸியா: சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டே போய், எடை இறங்கிய பிறகும் நிறுத்த முடியாத நிலை. புலிமியா: கட்டுப்பாடு இழந்து பெருமளவு சாப்பிட்டு, அதை ஈடுகட்ட வாந்தி, பேதி மருந்து, பட்டினி, கடும் உடற்பயிற்சி என்று போவது. அள்ளிச் சாப்பிடும் கோளாறில் ஈடுகட்டல் கிடையாது. அவமானமும் ஒளித்தலும் உண்டு. பின்னிரண்டிலும் வாரம் ஒருமுறையாவது, 3 மாதம் தொடர்ந்தால் நோய் என்று அமெரிக்க மனநல வகைப்பாட்டின் 2013 பதிப்பு சொல்கிறது. அதே பதிப்பில் சேர்ந்த இன்னொன்று ஆர்ஃபிட். இதில் எடைப் பயமே இருக்காது. விக்கிவிடும், வாந்தி வரும், அந்த வழுவழுப்பு பிடிக்காது என்று நாலைந்து உணவோடு நின்றுவிடும் பிள்ளைகள் இந்த வகை.

காப்பாளர் கையில் வைத்துக்கொள்ள 5 கேள்விகள் உண்டு. 1999ல் இங்கிலாந்தில் உருவான ஸ்காஃப் என்ற சோதனை. வயிறு முட்டியது பொறுக்காமல் நீயே வாந்தி எடுக்கிறாயா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கை மீறிப் போகிறதோ என்று கவலையா? கடந்த 3 மாதத்தில் 6 கிலோவுக்கு மேல் குறைந்தாயா? மற்றவர்கள் ஒல்லி என்றாலும் குண்டாக இருப்பதாக நினைக்கிறாயா? சாப்பாட்டு நினைப்புதான் வாழ்க்கையை ஆள்கிறது என்று சொல்வாயா? இரண்டுக்கு ஆம் என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். இது வடிகட்டி மட்டும்தான். நோயை உறுதி செய்வது மருத்துவர் வேலை. தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். மெஸ் வாசலில் கேட்டால் ஐந்துக்கும் "இல்லை"தான் வரும்.

டயட் எங்கே நோயாகிறது என்றால், வைத்த இலக்கை எட்டியதும் டயட் நிற்கும். நோயில் இலக்கு கீழே நகர்ந்துகொண்டே போகும். டயட் இருப்பவர் கல்யாண வீட்டுக்குப் போய் ஒருவாய் சாப்பிட்டு வருவார். நோயுள்ளவர் கல்யாணத்துக்கே போகமாட்டார்.

ஆச்சி_கானாடுகாத்தான்

எங்க காலத்துல இதெல்லாம் ஏது? பந்தியில உக்காந்தா எழுந்திருக்க விடமாட்டாக. சாப்பிடலைன்னா பக்கத்துல உக்காந்து ஊட்டிவிட்டா ஆச்சு. இது போன் வந்த பிறகு வந்த வியாதி.

மனநலம்_சிவகங்கை

ஆச்சி, போனுக்கு முன்பே இருந்தது. லண்டனில் கல், பாரிஸில் லசேக் என்ற இரு மருத்துவர்கள் 1873ஐ ஒட்டி இதைத் தனி நோயாக எழுதினார்கள். புலிமியாவுக்கு அந்தப் பெயரை 1979ல் வைத்தவர் ஜெரால்ட் ரஸ்ஸல்.

ஆனால் படம் பார்ப்பதால் கூடுகிறது என்பதில் நீங்கள் சொல்வது சரி. பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995ல்தான் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அங்கே பள்ளிப் பெண்களைப் பார்த்தார். வந்த புதிதில் எடைக்காக வாந்தி எடுப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. 1998ல் 11 சதவீதத்தினர் சொன்னார்கள். உடல் பெருத்திருப்பதே அழகு என்று கொண்டாடிய ஊர் அது.

ஆனால் படம் பார்த்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. இரட்டையர் ஆய்வுகளில் அனோரெக்ஸியாவின் பரம்பரைப் பங்கு பாதிக்கு மேல் வருகிறது. 2019ல் வந்த பெரிய மரபணு ஆய்வு நோயோடு தொடர்புள்ள 8 மரபணு இடங்களைக் காட்டியது. மனநோய்களோடு மட்டுமல்லாமல் வளர்சிதை மாற்றத்தோடும் தொடர்பு தெரிந்தது. எதையும் ஒழுங்காகச் செய்ய நினைக்கும் குணம், பதற்றம், வயதுக்கு வரும் பருவம், கேலி, குடும்பத்தில் ஓர் இழப்பு, காய்ச்சலில் தற்செயலாகக் குறைந்த எடை, இவற்றில் எது வேண்டுமானாலும் திரியைக் கொளுத்தலாம். பெற்றோர் வளர்ப்பால் வரும் நோய் என்பது பழைய கதை. ஆதாரம் இல்லை.

தொடங்கிய பிறகு நோயை ஓட்டுவது பட்டினியேதான். 1944–45ல் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். எடையில் கால்பங்கு போனது. மனநோய் எதுவும் இல்லாத அந்த ஆட்கள் சமையல் புத்தகம் சேர்த்தார்கள், சோற்றைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள், எரிந்து விழுந்தார்கள், கோடையிலும் குளிர்ந்தார்கள், ஆட்களிடமிருந்து ஒதுங்கினார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்ததும் சிலர் நிறுத்தத் தெரியாமல் சாப்பிட்டார்கள். நம் பிள்ளையிடம் "பிடிவாதம்" என்று பார்ப்பதில் பாதி இந்தப் பட்டினி மூளைதான். அதனால்தான் "முதலில் மனசு சரியாகட்டும், பிறகு சாப்பிடட்டும்" என்ற வரிசை வேலைக்கு ஆவதில்லை. முதலில் வயிறு.

நம் பக்கத்துக்கு முக்கியமான ஒன்று: ஹாங்காங்கில் சிங் லீ 1990களில் எழுதியதுபோல், ஆசிய நாடுகளில் பலர் "குண்டாயிடுவேன்" என்று சொல்வதே இல்லை. "சாப்பாடு எறங்கல", "வயிறு கல்லு மாதிரி இருக்கு", "நெஞ்சைக் கரிக்குது" என்பார்கள். அதனால் இரைப்பை மருத்துவர், எண்டோஸ்கோபி, குலதெய்வம் என்று மாதங்கள் ஓடிவிடும்.

உணவியல்_காரைக்குடி

அதற்காக எல்லா "எறங்கல"வையும் இந்தப் பெட்டியில் போட்டுவிடவும் கூடாது டாக்டர். காசநோய், தைராய்டு மிகைப்பு, சர்க்கரை நோய், அட்ரீனல் சுரப்பி சரியாகச் சுரக்காத அடிசன் நோய், குடல் அழற்சி எல்லாம் எடையை இறக்கும். உணவுக்குழாயின் அடிவாய் திறக்காத அக்கலேசியா வந்தவர்களைப் புலிமியா என்று எழுதிய கதைகளும் உண்டு.

மனநலம்_சிவகங்கை

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் முதல் படி மனநல மருத்துவர் அல்ல, பொது மருத்துவர் அல்லது குழந்தை மருத்துவர். எடை, உயரம், படுத்தும் நின்றும் நாடியும் ரத்த அழுத்தமும், ஈசிஜி, ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம், கல்லீரல், தைராய்டு. சந்தேகம் இருந்தால் மார்பு எக்ஸ்ரே. பாஸ்பேட்டும் மக்னீசியமும் வழக்கமான பட்டியலில் வராது, கேட்டு எழுதி வாங்குங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: ரத்த அறிக்கை முழுக்க "நார்மல்" என்று வருவது இந்த நோயில் சாதாரணம். அதைக் காட்டி "ஒண்ணுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

18க்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெரியவர்களின் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) எல்லையைப் போடாதீர்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி வரைபடத்தில் அந்தப் பிள்ளையின் பழைய கோட்டைப் பாருங்கள். எடை குறையாமல், ஏற வேண்டிய வயதில் ஏறாமல் நின்றாலும் அது இறக்கம்தான்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை: விழித்திருக்கும்போது நாடி 50க்குக் கீழ், தூக்கத்தில் 45க்குக் கீழ், ரத்த அழுத்தம் 90/45க்குக் கீழ், உடல் வெப்பம் 35.6 செல்சியஸுக்குக் கீழ், மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் ரத்தம், தண்ணீரும் குடிக்க மறுப்பது, சாகத் தோன்றுகிறது என்ற பேச்சு. கடைசியை லேசாக எடுக்காதீர்கள். அனோரெக்ஸியாவில் நேரும் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தற்கொலை.

பயிற்சியாளர்_காரைக்குடி

நாடி 50 என்பது ஓட்டக்காரர்களுக்குச் சாதாரணம் சார். நல்ல பயிற்சியின் அடையாளம். இதைப் படித்துவிட்டு என் பிள்ளைகளை எல்லாம் வார்டில் சேர்த்துவிடுவார்கள். மாதவிலக்கு நிற்பதும் கடும் பயிற்சிக் காலத்தில் நடப்பதுதானே?

மனநலம்_சிவகங்கை

பயிற்சி இதயம் என்றால் நாலடி நடந்தாலும் நாடி அளவாகத்தான் ஏறும். பட்டினி இதயம் படுத்திருக்கும்போது 45, எழுந்து நின்றால் 90 என்று தாவும். எடை இறங்கிய பிள்ளையிடம் குறைந்த நாடியைப் பார்த்தால் ஈசிஜி எடுக்காமல் "அத்லெட்" என்று எழுதாதீர்கள்.

மாதவிலக்கு விஷயத்தில் உங்களோடு உடன்படவே முடியாது. நடக்கிறது என்பதால் சாதாரணமாகிவிடாது. பெண்களின் எலும்பு அடர்த்தியில் ஏறத்தாழ 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடும். அந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இல்லாமல் ஓடவிட்டால் கணைக்கால் எலும்பிலும் பாத எலும்பிலும் கீறல் முறிவு வரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014ல் இதற்கு விளையாட்டில் ஆற்றல் பற்றாக்குறை என்றே தனிப்பெயர் வைத்தது. ஹார்மோன் மாத்திரை கொடுத்து மாதாமாதம் ரத்தம் வரவைப்பது எலும்பைக் காப்பாற்றாது. பிரச்சினையை மறைக்கும், அவ்வளவுதான்.

உணவியல்_காரைக்குடி

கணக்கும் சொல்லிவிடுகிறேன். உடலில் கொழுப்பைக் கழித்த எடைக்கு, கிலோவுக்கு 45 கலோரி பயிற்சிச் செலவு போக மீதமிருக்க வேண்டும். 30க்குக் கீழ் போனால் ஹார்மோன்கள் தடுமாறும். கொழுப்பு நீக்கி 40 கிலோ, அன்றைய பயிற்சிக்கு 500 கலோரி செலவு என்றால் 1800 + 500 = 2300 உள்ளே போக வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் ஓடிவிட்டு இரண்டு இட்லியோடு வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு இது எங்கே வரும்?

பயிற்சியாளர்_காரைக்குடி

சரி, அந்த இரண்டு இட்லியைத் தினமும் பார்க்கிறேன். மாதவிலக்கு 3 மாதம் வராவிட்டால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்பலாம் என்று வைத்துக்கொள்ளலாமா?

மனநலம்_சிவகங்கை

வைத்துக்கொள்ளுங்கள். 15 வயதாகியும் தொடங்காவிட்டாலும் அதே விதி.

மருந்துக்கடை_புதுவயல்

கடைப் பக்கத்திலிருந்து ஒன்று. பேதி மாத்திரையைத் தொடர்ந்து கேட்கும் இளம்பிள்ளைகள் வருவது எல்லாக் கடையிலும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரைச் சூரணம், "ஸ்லிம்" என்று எழுதிய டீத்தூள் எல்லாம் அதே வேலைதான் செய்யும். பல டீத்தூளில் இருப்பதே நிலாவாரை இலை. சோற்றுச் சத்தைச் சிறுகுடல் உறிஞ்சி முடித்த பிறகுதான் இவை பெருங்குடலில் வேலையைக் காட்டும். வெளியேறுவது தண்ணீரும் உப்பும். தராசு ஒரு கிலோ குறைத்துக் காட்டும், மறுநாள் தண்ணீர் குடித்ததும் திரும்ப ஏறிவிடும். கொழுப்பில் ஒரு குண்டுமணி குறைந்திருக்காது. பொட்டாசியம் மட்டும் போயிருக்கும், போய் அடிப்பது இதயத்தை.

திடீரென்று நிறுத்தினால் கால் வீங்கும், வயிறு உப்பும், ஓரிரு வாரம் இருக்கும். "பாத்தீங்களா, நிறுத்தினா குண்டாகுறேன்" என்று திரும்ப மாத்திரைக்கு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

பல்_மருத்துவம்

வாந்திப் பழக்கத்தை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நாங்கள்தான். மேல் முன்பற்களின் உட்பக்கம் எனாமல் கரைந்து வழவழவென்று இருக்கும். காதுக்குக் கீழே கன்னம் உப்பியிருக்கும், விரல் முட்டியில் பல் பட்ட தழும்பு இருக்கலாம். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கக் கூடாது. அமிலத்தில் இளகிய எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா போட்டுக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

ஆச்சி_கானாடுகாத்தான்

இம்புட்டு இருக்கா. சரி, நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. எளைச்சுக் கெடக்குற பிள்ளைக்கு நாலு நாள் கோழியும் நெய்யுமாப் போட்டா ஒடம்பு தேறிடுமில்ல?

உணவியல்_காரைக்குடி

ஆச்சி, அதைத்தான் செய்யக் கூடாது. நீண்ட பட்டினியில் கிடந்த உடம்புக்குத் திடீரென்று விருந்து போட்டால் உயிரே போகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து வந்தவர்களிடம் மருத்துவர்கள் இதைப் பார்த்தார்கள். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறும். அது ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தை எல்லாம் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். பாஸ்பேட் சரிந்தால் இதயமும் மூச்சுத் தசையும் தடுமாறும். தயமின் என்ற பி1 வைட்டமின் இல்லாத மூளை குழம்பும். இந்த ஆபத்து முதல் 3 நாளில் தொடங்கலாம், 10 நாள் வரை கண் வைக்க வேண்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம்? பெரியவர்களில் பிஎம்ஐ 16க்குக் கீழ், 3 முதல் 6 மாதத்தில் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவர், 10 நாளுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றும் சாப்பிடாதவர், ஏற்கெனவே இந்த உப்புகள் குறைந்தவர். இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் ஊட்ட ஆரம்பிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் தயமின் முதலில் கொடுத்து, தினமும் ரத்தம் பார்த்து, அளவாக ஏற்றுவார்கள். இங்கிலாந்து வழிகாட்டி சொல்லும் தயமின் அளவு நாளுக்கு 200 முதல் 300 மில்லிகிராம். பயந்துபோய் வாரக்கணக்கில் அரைவயிற்றிலேயே வைத்திருப்பதும் தவறு, அதுவும் பட்டினிதான்.

இனி, ஆபத்துக் கட்டம் தாண்டிய, மருத்துவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற பிள்ளைக்கு. விதி எளிது: மூன்று வேளை, மூன்று இடைவேளை, எந்த இரண்டுக்கும் நடுவே 3, 4 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பசிக்கும்போது சாப்பிடு என்று சொல்லாதீர்கள். பசி சொல்லும் கருவியே பழுதாகியிருக்கிறது, கடிகாரம் பார்த்துத்தான் சாப்பாடு.

7.30க்கு இட்லி 4, நல்லெண்ணெய் 2 டீஸ்பூன் விட்டுக் குழைத்த பொடி, தேங்காய்ச் சட்னி 2 மேசைக்கரண்டி, சாம்பார், 200 மி.லி. பால். 10.30க்கு ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலை. 1 மணிக்கு வெந்த சோறு 300 கிராம், பருப்பு அல்லது குழம்பு, ஒரு காய், முட்டை 1, தயிர் 100 மி.லி., நெய் ஒரு டீஸ்பூன். 4.30க்குப் பலகாரம். 8 மணிக்குச் சப்பாத்தி 3 அல்லது அதற்கு ஈடான இடியாப்பம், குருமா. படுக்கும் முன் மறுபடி பால். இது சுமார் 2500 கலோரி. இதிலும் வாரம் அரைக்கிலோ ஏறவில்லை என்றால் 200, 300 கூட்ட வேண்டும். 3000 தாண்டினாலும் எடை நகராத பிள்ளைகள் உண்டு. பட்டினியில் தணிந்திருந்த உடல் அடுப்பு கொழுந்துவிட்டு எரிகிற கட்டம் அது, ராத்திரியில் வேர்த்துக் கொட்டும்.

தட்டு பெரிதாகத் தெரிந்தால் பிள்ளை மிரளும். அளவு கூட்டாமல் சத்துக் கூட்டுவதில்தான் சமையல்காரர் திறமை. ஆச்சி, இங்கேதான் நீங்கள் வேண்டும்.

ஆச்சி_கானாடுகாத்தான்

அப்படிச் சொல்லு ஆத்தா. ஆடிக் கும்மாயம் இருக்கே. வறுத்தரைச்ச உளுந்து மாவு 25 கிராம், கருப்பட்டி 25 கிராம், நெய் 2 டீஸ்பூன். கருப்பட்டியக் காச்சி வடிகட்டி அதுலயே மாவைக் கரைச்சு, அடி பிடிக்காமக் கிளறி நெய்ய விட்டா ஒரு சின்னக் கிண்ணத்துல அடங்கிரும். கவுனி அரிசிய ராத்திரியே ஊறப்போட்டு குக்கர்ல வேகவச்சு தேங்காய்ப்பூவும் சீனியும் நெய்யும் போட்டுக் கொடுக்கலாம். ரங்கோன் புட்டும் அப்படித்தான். கந்தரப்பம், பணியாரம் எண்ணெயில வேகுறது, பயப்படுற பிள்ளை மொதல்ல தொடாது. அத அப்புறம் வச்சுக்கங்க.

உணவியல்_காரைக்குடி

அந்தக் கிண்ணம் சுமார் 270 கலோரி. இரண்டு கரண்டி வாயில் முடிந்துவிடும். கவுனியில் நார்ச்சத்து அதிகம், வயிறு சீக்கிரம் நிறையும். முதல் மாதம் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். பச்சைக் காய்கறி சாலட், ரசமும் மோருமாக வயிற்றை நிரப்புவது, சோற்றுக்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் எல்லாம் நோயின் தந்திரங்கள்.

பணியாரம் பற்றி ஆச்சி சொன்னது சரி. பயப்படும் உணவுகளை ஏணிபோல் எழுதி, கீழ்ப்படியிலிருந்து வாரம் ஒன்று சேர்ப்பது முறை. ஆனால் "அப்புறம்" என்பதை ஆறு மாதம் தள்ளிவிடக் கூடாது. சாப்பிடத் துணியாத உணவு பட்டியலில் மிச்சமிருக்கும்வரை நோய்க்கு ஒரு கால் வைக்க இடம் இருக்கிறது.

ஜிம்_தம்பி

பசங்களுக்கு வராதா? இங்க ஜிம்முல கோழி நெஞ்சுக்கறியும் வெள்ளைக்கருவும் தவிர எதையும் தொடாத ஆளுங்க இருக்காங்க. ஒருநாள் பயிற்சி விட்டா தூக்கம் போயிடுது. இது ஒழுக்கம்தானே?

மனநலம்_சிவகங்கை

வரும். ஆண்களிடம் "இன்னும் தசை பத்தல" என்ற உருவத்தில் வருவது அதிகம், அதனால் கண்ணில் படுவதில்லை. சோதனை இதுதான்: காய்ச்சலிலும் பயிற்சியை விட முடியவில்லை, அக்கா கல்யாணத்தில் டப்பாவில் சோறு கொண்டுபோகிறான், சாப்பாட்டில் அளவு தப்பினால் நாள் முழுக்கக் குற்ற உணர்வு என்றால் ஒழுக்கம் தாண்டிவிட்டது. முதல் வகைச் சர்க்கரை உள்ள பிள்ளை எடைக்காக இன்சுலினைக் குறைப்பது இன்னொரு கண்ணில் படாத வடிவம். சர்க்கரை காரணமின்றி எகிறிக்கொண்டே இருந்தால் அதையும் கேளுங்கள். ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி இரண்டொரு நாளில் உயிராபத்தாகும்.

விடுதி_தேவகோட்டை

அள்ளிச் சாப்பிடும் பிள்ளைக்கு ராத்திரிப் பலகாரத்தைப் பூட்டிவைத்தால் போதுமா?

உணவியல்_காரைக்குடி

பூட்டினால் கடைக்குப் போகும். காலையில் காபியோடு நிறுத்தி, மதியம் கொறித்து, ராத்திரி 10 மணிக்கு அணை உடைகிறது. உடைந்த குற்ற உணர்வில் மறுநாள் மறுபடி பட்டினி. சுழலை வெட்டும் இடம் ராத்திரி இல்லை, மறுநாள் காலை 7.30. நேற்று என்ன நடந்திருந்தாலும் காலைச் சாப்பாடு குறையக் கூடாது. வாந்தி எடுத்தாலும் தின்றதில் பாதியளவு சத்து உள்ளேதான் தங்குகிறது என்பதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள், கணக்கே தப்பு என்று தெரியட்டும்.

மனநலம்_சிவகங்கை

இதே வழக்கமான உணவு என்பதுதான் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் முதற்படி. வழக்கமாக 20 வாரத்தில் 20 அமர்வு, எடை மிகக் குறைந்தவர்களுக்கு 40 வரை. எப்போது, எங்கே, என்ன சாப்பிட்டேன், அப்போது என்ன நினைப்பு என்று அந்தந்த நேரமே எழுதுவது, வாரம் ஒருமுறை மட்டும் எடை, பிறகு உடல் உருவத்தை வைத்தே தன் மதிப்பை அளக்கும் பழக்கத்தைத் தளர்த்துவது என்று போகும்.

வீட்டோடு இருக்கும் பதின்வயதினர் அனோரெக்ஸியாவுக்குக் குடும்ப வழிச் சிகிச்சைதான் முதல் தேர்வு. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் 1987 ஆய்வில், 19 வயதுக்குள் தொடங்கி 3 ஆண்டு ஆகாதவர்களுக்கு அது தனியாள் சிகிச்சையைவிட நன்றாக வேலை செய்தது. முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு என்பதை முழுக்கப் பெற்றோர் முடிவு செய்வார்கள். பிறகு மெல்ல மெல்லப் பிள்ளை கையில். மொத்தம் 6 முதல் 12 மாதம்.

மருந்தைப் பொறுத்தவரை, புலிமியாவில் ஃப்ளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்து நாளுக்கு 60 மில்லிகிராம் அளவில் பலன் காட்டியது. மனச்சோர்வுக்குத் தொடங்கும் 20 அல்ல. ஏற்றுவது மருத்துவர் கையில். எடை குறைந்த அனோரெக்ஸியாவில் அது எடையை ஏற்றாது. புப்ரோபியான் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து இந்நோய்களில் கூடாது, வலிப்பு வரலாம்.

ஆச்சி_கானாடுகாத்தான்

பெத்தவுக கையில தட்டுன்னு நீங்க சொல்றது நான் மொதல்ல சொன்ன ஊட்டிவிடுறதுதானே?

மனநலம்_சிவகங்கை

பாதி அதேதான் ஆச்சி. மீதிப் பாதியில் வித்தியாசம். பந்தியில் "இன்னும் ரெண்டு வச்சுக்க" என்பதற்கு முடிவே கிடையாது, ஐந்து பேர் ஐந்து அளவு சொல்வார்கள். இங்கே அளவு முன்பே முடிவானது, கூடவும் குறையவும் கூடாது, சொல்வது ஒரே குரல். அப்பத்தா பரிந்து "பாவம், போதும் விடு" என்றால் அன்றைய வேளை போச்சு. கெஞ்சல், மிரட்டல், அழுகை, கலோரி வாதம் எதுவும் தட்டு முன்னால் வேண்டாம். "கஷ்டமா இருக்குன்னு தெரியுது. அடுத்த வாய் எடு." அவ்வளவுதான் வசனம். 30 நிமிடம் சாப்பாட்டுக்கு, இடைவேளைக்கு 15. முடிந்தபின் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள், பல்லாங்குழியோ சீரியலோ எதுவோ ஒன்று. குளியலறைக்குச் சாப்பிடும் முன்பே போய்வரட்டும்.

"ஒடம்பு தேறிட்ட", "கன்னம் வந்திருச்சு" என்று யாரும் சொல்லக் கூடாது. அன்பாகத்தான் சொல்வார்கள். பிள்ளை காதில் "குண்டாகிவிட்டாய்" என்றுதான் விழும். விசேஷ வீட்டுக்கு அழைத்துப் போகுமுன் நெருங்கிய சொந்தங்களுக்குப் போன் போட்டு இதைச் சொல்லிவிடுங்கள்.

விடுதி_தேவகோட்டை

தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பது, சஷ்டி விரதம் இதெல்லாம்? "சாமி காரியம்" என்று பிள்ளை சொன்னால் மறுக்க முடிவதில்லை.

ஆச்சி_கானாடுகாத்தான்

நோயாளிக்கு விரதம் கிடையாதுங்கறது பெரியவுக சொன்னதுதான். வீட்டுல வேற ஆளு நடந்துட்டு வரட்டும். அன்னதானத்துல பரிமாறுனாலும் புண்ணியம்தான், ஆனா பரிமாறுறேன்னு சொல்லித் தான் சாப்பிடாம நழுவுதான்னு பாத்துக்கங்க.

மனநலம்_சிவகங்கை

கடைசி வரியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் சமைத்துப் போட்டுத் தான் மட்டும் சாப்பிடாதது இந்நோயின் பழைய அடையாளம். மாதவிலக்கு திரும்பி, எடை நிலைத்து, குறைந்தது ஓராண்டு ஆகும்வரை விரதம் வேண்டாம் என்பது என் கருத்து.

உணவியல்_காரைக்குடி

தேறி வரும்போது தடுக்கி விழும் இடங்கள் சில. முதல் சில வாரம் இரைப்பை மெதுவாக வேலை செய்யும், அரை தட்டிலேயே வயிறு வீங்கும். நிறுத்தக் கூடாது, இளகிய உணவாக மாற்றிக் கொடுங்கள். எடை முதலில் வயிற்றுப் பக்கம் ஏறும், மற்ற இடத்துக்குப் பரவ ஓராண்டுகூட ஆகும். எடை பார்ப்பது வாரம் ஒருமுறை, காலையில் சிறுநீர் போனபின், ஒரே மெல்லிய உடையில். பார்க்கும் முன் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்து எண்ணை ஏற்றும் பிள்ளைகள் உண்டு. சோடியம் இறங்கி வலிப்பே வரலாம். எண் ஏறுகிறது, நாடியும் முகமும் மாறவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

மனநலம்_சிவகங்கை

காலம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். பாஸ்டனில் நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வு 2017ல் வந்தது. அனோரெக்ஸியாவில் 9 ஆண்டில் மீண்டவர்கள் 31 சதவீதம், 22 ஆண்டில் 63. புலிமியாவில் 68. பத்தாண்டு ஆனவரையும் கைவிடக் கூடாது என்பதற்கு இந்த எண் போதும். சீக்கிரம் பிடித்தால் இவ்வளவு நீளாது.

எங்கே போவது: முதலில் பக்கத்து அரசு மருத்துவமனை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சிக்கலான நிலைக்குப் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். காப்பீட்டுக்காரர் "மனநோய்க்குக் கிடையாது" என்றால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவைக் காட்டுங்கள். உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்கிறது.

விடுதி_தேவகோட்டை

கடைசியாக ஒன்று. பெற்றோருக்குப் போன் செய்யும்போது எப்படித் தொடங்குவது? "உங்க பொண்ணு சாப்பிடமாட்டேங்குது" என்றால் அங்கிருந்து திட்டுத்தான் பிள்ளைக்குப் போகிறது.

மனநலம்_சிவகங்கை

பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். "மூணு வாரமா மதியம் சாப்பாட்டுல பாதிக்கு மேல மீதியாகுது, ரெண்டு தடவை தலை சுத்துச்சு, நாடி பார்த்தப்ப 48 இருந்துச்சு. இது பிடிவாதமா தெரியல, உடம்புக்கு என்னமோ செய்யுது. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும், நீங்க வரீங்களா, இல்ல நாங்க கூட்டிட்டுப் போகவா?" பிள்ளையிடம் முதலிலேயே "வீட்டுக்குச் சொல்லப்போறேன், நீயும் பக்கத்துல இரு" என்று சொல்லிவிட்டு அழையுங்கள். முதுகுக்குப் பின்னால் பேசினால் அடுத்த முறை உங்களிடம் உண்மை வராது.

உணவியல்_காரைக்குடி

விடுதிக்குத் திரும்பும் பிள்ளைக்கு: மருத்துவர் கையெழுத்திட்ட சாப்பாட்டு அட்டவணை ஒரு பிரதி மெஸ்ஸில், வாராந்திர எடை ஆரம்ப சுகாதார நிலையத்தில், எடை எண் பிள்ளைக்குச் சொல்வதா என்பதை மருத்துவர் முடிவில் விடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் வீட்டுக்கு அனுப்புவது என்று சேரும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். மெஸ் சுவரில் பிஎம்ஐ அட்டையோ "எதில் எத்தனை கலோரி" அட்டவணையோ இருந்தால் கழற்றிவிடுங்கள். வராந்தாவில் எடை இயந்திரம் இருந்தால் அதையும் உங்கள் அறைக்குள் வைத்துப் பூட்டுங்கள்.